கொளஞ்சியின் கையும் வெள்ளைக் கப்பும்

1. பத்து மணி போன்

“…சேவலும் அதேதான், தீனியும் அதேதான், பொட்டக் கோழியும் அதேதான். எல்லாத்தையும் கழிச்சா மிச்சம் என்னா இருக்குது? கையி. அந்தக் கொளஞ்சி கையி. வெள்ளிக்கெழம வரைக்கும் பாரு. வேற காரணம் இருந்தா சொல்லு. இல்லன்னா அவள நிறுத்திடு. சேத்தியாத்தோப்பு பக்கம் ஒரு பொம்பள நல்லா பண்ணுதாம், அத வரச் சொல்லு.”

போனில் பேசியவர் எங்கள் முதலாளி. அன்று திங்கட்கிழமை. நான் பண்ணை கேட்டில் நின்று, உள்ளே வந்த தீவன லாரியின் டயருக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தேன். கையில் ஸ்பிரேயர், தோளுக்கும் காதுக்கும் நடுவே போன். “சரிங்க முதலாளி” என்று மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லும்போதுதான் எதற்குச் சரி சொல்கிறேன் என்பதே உறைத்தது.

என் பெயர் கலியபெருமாள். விருத்தாசலத்துக்காரன். படிப்பு பத்தாவதோடு சரி. முதலில் இதே முதலாளியின் பீங்கான் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் காஸ்டிங் வேலை பார்த்தேன். ‘ஸ்லிப்’ என்கிற களிமண் குழம்பை அச்சில் ஊற்றுகிற வேலை. அவர் கருவேப்பிலங்குறிச்சி ரோட்டில் கோழிப்பண்ணை போட்டதும், “மண்ணுல செஞ்சது போதும், உசுரோட இருக்கறதப் போயிப் பாத்துக்க” என்று என்னை இங்கே அனுப்பிவிட்டார். இருபது வருடம் ஓடிவிட்டது. இப்போது சூப்பர்வைசர். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததில் கொஞ்சம் ஷெட்டில் நின்று பார்த்தது, கொஞ்சம் டாக்டர்களை நச்சரித்துக் கேட்டது. மிச்சமெல்லாம் பெண்கள் வேலை செய்தபடி பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது கறிக்கோழிக் குஞ்சுகளின் அப்பா அம்மாவை வளர்க்கிற பண்ணை. பிரீடர் பண்ணை என்பார்கள். கோழிகள் கூண்டில் ஒரு பக்கம், சேவல்கள் வேறு பக்கம். இரண்டும் சேராது. சேவலிடமிருந்து விந்தை எடுத்து, ஒவ்வொரு கோழிக்கும் ஒரு சொட்டு நாங்களே வைக்கிறோம். அந்த முட்டைகள் குஞ்சு பொரிக்கிற ஹேச்சரிக்குப் போகும். அங்கே பதினெட்டாம் நாள் விளக்கில் பிடித்துப் பார்ப்பார்கள். கரு இருந்தால் முட்டை இருட்டாகத் தெரியும். இல்லையென்றால் முழுக்க வெளிச்சம். அதற்குக் ‘கிளியர்’ என்று பெயர்.

அந்த வாரம் ஹேச்சரி மேனேஜர் முதலாளியைக் கூப்பிட்டு, “உங்க முட்டைங்கள வெளக்குல வச்சா தீவாளி மாதிரி இருக்குதுங்க” என்று சொல்லியிருக்கிறார். அந்தச் சூட்டில் வந்ததுதான் எனக்கு வந்த போன்.

2. பால் எடுக்கிற வேலை

விந்தைத் தாளில் ‘செமன்’ என்று எழுதுவோம். ஷெட்டில் எல்லோருக்கும் அது பால்தான். பால் எடுக்கிறவர் கொளஞ்சி. ஒன்பது வருடமாக அவர்தான். ஒருவர் சேவலின் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கொளஞ்சி அதன் முதுகை மூன்று தடவை தடவி, வாலை மேலே தூக்கி, அடிப்பக்கம் இரண்டு விரலால் ஒரு அழுத்து அழுத்துவார். வந்துவிடும். கண் இமைக்கிற நேரம். நான் முயன்றபோது சேவல் என் சட்டையில்தான் எல்லாவற்றையும் போட்டது, பாலைத் தவிர.

“சேவலப் புடிக்கறது சம்பந்திவூட்டுக்காரங்களப் புடிக்கற மாதிரி கலியண்ணா. இறுக்குனா மொறைக்கும், வுட்டா ஓடிடும்” என்பார் கொளஞ்சி. இன்னொரு நாள், எவ்வளவு தடவியும் அசையாத ஒரு சேவலைப் பார்த்து, “இது என்னா, ரேஷன் கட சர்வர் மாதிரி சுத்திக்கிட்டே இருக்குது” என்றார். அவர் பேச்சைக் கேட்பதற்காகவே பெண்கள் அந்தப் பக்கம் வேலைக்குப் போட்டி போடுவார்கள்.

இந்த வேலையில் சான்றிதழ் எதுவும் கிடையாது. இருப்பது பெயர் மட்டும்தான். ‘கைராசி’ என்கிற பெயர். ஒரு பண்ணையில் கரு கூடவில்லை என்று ஒரு பெண்ணை நிறுத்திவிட்டால், சுற்று வட்டாரத்தில் எந்தப் பண்ணையும் அவரைச் சேவல் பக்கம் விடாது. முட்டை பொறுக்கச் சொல்வார்கள், இல்லாவிட்டால் எச்சம் வாரச் சொல்வார்கள். கொளஞ்சிக்கு வேலை போவதைவிட இது பெரிய அடி என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். முதலாளி சொன்னதை நான் சொன்னபோது, அவர் கையிலிருந்த சேவலை மெதுவாகக் கூண்டுக்குள் விட்டுவிட்டுக் கேட்டார்:

“ராசியில்லாத கையின்னு சொன்னாரா, இல்ல வேலைய வுட்டு மட்டும் நிறுத்தச் சொன்னாரா?”

“கையின்னு சொன்னாரும்மா.”

“அப்ப வெள்ளிக்கெழம வரைக்கும் வரேன். காரணம் தெரியாம போவ மாட்டேன்.”

3. மைக்ரோஸ்கோப் கழுத்தறுத்த கதை

திங்களும் செவ்வாயும் எனக்குத் தெரிந்த எல்லா இடத்திலும் தேடினேன். தீவனத்தை முகர்ந்து பார்த்தேன், தண்ணீர்த் தொட்டியில் இறங்கிப் பார்த்தேன், சேவல்களை எடை போட்டேன். எல்லாம் சரி. ஆபீஸ் அறையில் ஒரு பழைய மைக்ரோஸ்கோப் இருக்கிறது. அதில் கொளஞ்சி எடுத்த பாலை உடனே வைத்துப் பார்த்தேன். உலையில் கஞ்சி கொதித்துச் சுழலுமே, அப்படிச் சுழன்றது. அருமையான பால்.

ஆனால் அது கொளஞ்சிக்கு எதிரான சாட்சி ஆகிவிட்டது. சேவல் நன்றாக இருக்கிறது, பால் நன்றாக இருக்கிறது, பிறகு எதனால் கரு கூடவில்லை? முதலாளி செவ்வாய் சாயங்காலம் இதைக் கேட்டதும், “பாத்தியா, நான் சொல்லல?” என்றார். எனக்கு மைக்ரோஸ்கோப்பைத் தூக்கிக் கிணற்றில் போடலாம் போல இருந்தது.

கடைசியில் எங்கள் பண்ணைக்கு வருகிற டாக்டரம்மாவுக்கு போன் செய்தேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இன்னைக்கு கிளியர் தெரியுது, சரி. தப்பு நடந்தது என்னைக்கு?”

அவரே கணக்குப் போட்டுக் காட்டினார். முட்டை மெஷினில் பதினெட்டு நாள். அதற்கு முன் குளிர் அறையில் சில நாள். அதற்கும் முன், கோழியின் உடம்பில் பழைய நல்ல பால் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். ஆகக் கிட்டத்தட்ட நாலு வாரம் பின்னால் போக வேண்டும்.

“நாலு வாரத்துக்கு முன்னாடி என்ன மாத்துனீங்க, யோசிச்சுப் பாருங்க.”

யோசிக்கவே வேண்டியதில்லை. ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள். கப்பு வந்த நாள்.

4. முதலாளியின் கப்பு

அதுவரை பாலைக் கண்ணாடிக் குழாயில்தான் பிடித்தோம். சுண்டுவிரல் கனம், வாயில் சின்னப் புனல். சேவல் உதைத்தால் உடைந்துவிடும். ஒரு தடவை உடைந்து ஒரு பெண்ணின் உள்ளங்கை கிழிந்தது. அது முதலாளியின் மனசை உறுத்திவிட்டது. அவருடைய பீங்கான் கம்பெனியில் ஃபியூஸ் கட்டையும் ஊதுவத்தி ஸ்டாண்டும் செய்கிறார்கள். அங்கே தனி அச்சு போட்டு, பெரிய நெல்லிக்காய் அளவில் கெட்டியான கப்புகள் செய்து, பளபளவென்று கிளேஸ் பூச்சு போட்டுச் சுட்டு, வைக்கோல் சுற்றி ஒரு பெட்டி நிறைய அவரே காரில் கொண்டுவந்தார். கூடவே ஒரு கிலோ அல்வா. பார்க்கப் பார்க்க அழகு. வெள்ளை வெளேரென்று, முல்லை மொட்டு மாதிரி.

“டீ ஊத்திக் குடிக்கலாம் போல இருக்குதே முதலாளி” என்றார் ஒரு பெண். முதலாளிக்கு வாய் காது வரைக்கும் போனது.

மனிதர் ஆசையாகச் செய்தது. யாருக்கும் குறை சொல்ல மனசு வராது. இதை இங்கே அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிறகு தெரியும்.

கப்பு என்றதும் என் மூளை நேராக கிளேஸுக்குப் போனது. பன்னிரண்டு வருடம் அந்தக் கம்பெனியில் இருந்தவன் இல்லையா? கிளேஸில் என்னென்ன சேர்ப்பார்கள் என்று தெரியும். அதில் ஏதோ ஒன்று பாலில் இறங்கி விந்தணுவைக் கொல்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன். முதலாளியிடம் இதை எப்படிச் சொல்வது என்கிற கவலையும் சேர்ந்துகொண்டது.

புதன்கிழமை மத்தியானம் சோதனை. முட்டையிடுகிற நேரம் முடிந்து, கோழிகள் ஓய்ந்த வேளையில்தான் நாங்கள் பால் எடுப்போம். ஐந்து சேவலைத் தேர்ந்தெடுத்தோம். கொளஞ்சி முதல் அழுத்தில் வந்ததை வெள்ளைக் கப்பில் பிடித்தார். கொஞ்சம் ஆறவிட்டு, அதே சேவல்களிடம் மறுபடி எடுத்ததைப் பழைய கண்ணாடிக் குழாயில் பிடித்தார். கண்ணாடியில் பிடித்ததில் பாதியை ஒரு புதுக் கப்பில் ஊற்றி வைத்தேன். டாக்டரம்மா சொன்னபடி உடனே ஒரு தடவை பார்த்தேன், அரை மணி கழித்து இன்னொரு தடவை பார்த்தேன். ஷெட்டின் கடைசிக் கோழி வரை பால் வைத்து முடிக்க எங்களுக்கு அவ்வளவு நேரம் ஆகும்.

உடனே பார்த்தபோது மூன்றும் துள்ளின. அரை மணி கழித்து, கப்பில் பிடித்தது துவண்டு கிடந்தது. கண்ணாடிக் குழாயில் இருந்தது நீந்திக்கொண்டிருந்தது. சரி, கிளேஸ்தான் என்று மூன்றாவதைப் பார்த்தேன். கண்ணாடியிலிருந்து கப்பில் ஊற்றி வைத்தது. அதுவும் ஜோராக நீந்துகிறது!

கிளேஸ் விஷம் என்றால் அதுவும் செத்திருக்க வேண்டும். ஆக கப்பு குற்றவாளி இல்லை. அப்படியானால் திரும்பவும் கைதானா? நான் வெளிறிப்போய் கொளஞ்சியைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னொரு தரம் எடுக்கறேன், நீ பக்கத்துல நின்னு பாரு கலியண்ணா. பேசாத, பாரு.”

பார்த்தேன். வேறு சேவல். முதுகைத் தடவினார், வாலைத் தூக்கினார், அழுத்தினார். பால் வந்தது. கண்ணாடிக் குழாயில் இறங்கியது. அடுத்த நொடியே குழாயை வெடுக்கென்று விலக்கினார். பின்னால் ஏதோ இரண்டு சொட்டு தரையில் விழுந்தது.

“ஏன் எடுத்துட்ட?”

“தண்ணி வந்துதுல்ல?”

“என்னா தண்ணி?”

“பாலு முடிஞ்சதும் தெளிவா ஒரு தண்ணி வரும். கூட அழுத்துனா கூட வரும். அத யாரு புடிப்பா?”

“அப்ப கப்புல மட்டும் ஏன் புடிச்ச?”

கொளஞ்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கப்புல எங்கண்ணா தெரியுது? வெள்ளயில வெள்ள வுழுது. தண்ணிக்கோ நெறமே இல்ல. பாலு எங்க முடிஞ்சுது, தண்ணி எங்க ஆரம்பிச்சுதுன்னு எனக்கென்னா ஜோசியமா தெரியும்? கொறச்சலா தெரியுதேன்னு இன்னொரு அழுத்து வேற அழுத்துவேன். கப்பு வந்த அன்னிக்கே சொன்னேனா இல்லையா?”

சொன்னார். எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அல்வாவைக் கையில் வைத்துக்கொண்டு, “இதுல ஒண்ணும் தெரியலையேண்ணா” என்று முணுமுணுத்தார். நான்தான், “முதலாளி ஆசயா செஞ்சி எடுத்தாந்திருக்காரு, சும்மா இரும்மா” என்று அடக்கினேன்.

5. அணு நீந்துகிற தண்ணீர்

வியாழக்கிழமை டாக்டரம்மாவிடம் முழுவதையும் சொன்னேன். அவர் சிரித்தார். “உங்க கொளஞ்சிதாங்க டாக்டரு” என்றார். பிறகு விளக்கினார். எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

“எல்லாரும் அணுவத்தான் பாக்கறாங்க. அது நீந்துற தண்ணிய யாரும் பாக்கறதில்ல. மாட்டுக்கெல்லாம் அந்தத் தண்ணி ஊறறதுக்குத் தனியா சுரப்பிங்க இருக்கு. சேவலுக்கு அது கிடையாது. விதையிலயும் அத ஒட்டுன குழாயிலயும் ஊறற கொஞ்சம் தண்ணிதான். அந்தக் கொஞ்சத்துலதான் புரதமெல்லாம் இருக்கு. சில புரதம் அணு மேல ஒட்டிக்கிட்டுக் காவல் காக்கும். சிலது அணு கெட்டுப்போகாம பாத்துக்கும். முட்ட வெள்ளக்கருவுல இருக்கற ஒரு புரதம்கூட அதுல இருக்குதுங்க.”

“சேவல்கிட்ட முட்ட சமாச்சாரமா மேடம்?”

“ஆமா. நல்லா கரு குடுக்கற சேவலுக்கும் மந்தமான சேவலுக்கும் அந்தப் புரதக் கலவையே வேற வேறயா இருக்குங்கறாங்க. எது எவ்வளவு இருக்கணும்னு இன்னும் முழுசாப் புரியல. ஆனா கொளஞ்சி சொல்ற தண்ணி இருக்குதே, அது வேற எடத்துல ஊறறது. அழுத்துனா எச்ச வாய்க்குப் பக்கத்துல கசியும். புண்ணுலேருந்து வடியுமே தெளிவா, கிட்டத்தட்ட அது மாதிரி. துளி கலந்தா பரவால்ல. கூடிப்போச்சுன்னா கலவையே மாறிடும். ஒடனே பாத்தா அணு துள்ளும், கொஞ்ச நேரத்துல சோந்துடும். நீங்க மொதல் வரிசைக்கு நல்ல பாலு வச்சீங்க, கடைசி வரிசைக்குச் செத்த பாலு வச்சீங்க.”

அன்று மத்தியானமே எல்லாக் கப்புகளையும் ஒதுக்கிவிட்டு, மிச்சமிருந்த பழைய குழாய்களைக் கழுவி எடுத்தோம். இனி முதலாளிக்குச் சொல்ல வேண்டும். நாலு வாரம் கழித்துத்தான் ஹேச்சரி விளக்கு எங்கள் பக்கம் பேசும். வெள்ளிக்கிழமையோ மறுநாள்.

6. வெள்ளிக்கிழமை

முதலாளி மூன்று மணிக்கு வந்தார். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தார். சலவை வேட்டி, நெற்றியில் திருநீறு. ஷெட் வாசலிலேயே நின்று, “என்னா கலியபெருமாளு, ஆளு மாத்தியாச்சா?” என்றார்.

நான் இரண்டு நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த எல்லாம் மறந்துபோனது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

“முதலாளி, ஸ்லிப்புக்கு வெறும் களிமண்ணும் தண்ணியும் போதுமா?”

“அது எப்பிடிப் போதும்? சிலிக்கேட்டு கொஞ்சம் ஊத்தணும். அதுதான மண்ண அடியில தங்காம மெதக்க வைக்கறது.”

“அதுல ஒரு மக்குத் தண்ணி கூட ஊத்திட்டா?”

“அச்சுல நிக்காது. எடுக்கும்போதே சவண்டு வளஞ்சிடும். இத்தினி வருசம் வேல பாத்துட்டு எங்கிட்டயே கேக்கறியா?”

“பாக்கறதுக்கு நல்ல ஸ்லிப்பு மாதிரியேதான இருக்கும்?”

“அதான் கஷ்டமே. கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது.”

“நம்ம பாலுலயும் அதான் முதலாளி நடந்துருக்குது” என்று தொடங்கி, தண்ணீரையும் புரதத்தையும் அரை மணிச் சோதனையையும் சொல்லி முடித்தேன். அவர் முகம் மெதுவாக மாறியது.

“அப்ப என் கப்பு தப்புங்கற.”

“கப்புல ஒரு தப்பும் இல்ல முதலாளி. கிளேஸுல விஷம் இருக்குமோன்னு சந்தேகப்பட்டு டெஸ்ட்டே பண்ணிட்டேன். சுத்தம். வெள்ளையா இருக்கறதுதான் வென. கொளஞ்சி மொத நாளே சொல்லிச்சு. நீங்க சங்கடப்படுவீங்கன்னு நான்தான் அது வாய அடைச்சேன். தப்பு நடந்தது அங்கதான். நிறுத்தறதுன்னா என்ன நிறுத்துங்க.”

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இந்த இருபது வருடத்தில் நான் சொல்ல முடிந்த ஒரே விஷயம் இது. பாலைக் கையில் வாங்குகிறவர் “ஒண்ணும் தெரியலையே” என்று முணுமுணுத்தால், கையிலிருக்கிற அல்வாவைக் கீழே வைத்துவிட்டு, என்ன தெரியவில்லை என்று கேளுங்கள். நான் அன்று கேட்டிருந்தால் அத்தனை முட்டையும் குஞ்சாகியிருக்கும். ஒரு பெண் நாலு நாள் சோறு தொண்டையில் இறங்காமல் கிடந்திருக்க மாட்டார்.

முதலாளி என்னை நிறுத்தவில்லை. அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

“வாய்ல சொன்னா நான் நம்ப மாட்டேன். பீங்கான்ல பொழங்கறவன். கண்ணால பாக்கணும். ஏம்மா, காட்டு” என்றார் கொளஞ்சியிடம்.

கொளஞ்சி கண்ணாடிக் குழாயை எடுத்து முந்தானையில் துடைத்தார். நான் ஒரு சேவலை எடுத்துக் காலைப் பிடித்துக்கொண்டேன்.

“காட்டறேன் முதலாளி. திங்கக்கெழம நான் வரணுமா, வேணாமா? அத மொதல்ல சொல்லுங்க.”

“காட்டும்மா மொதல்ல.”

தடவினார், தூக்கினார், அழுத்தினார். “இது பாலு. பாத்துக்குங்க. கெட்டியா, வெள்ளயா.” குழாய் விலகியது. “இதோ, இது தண்ணி.” தெளிந்த நீர் ஒரு மணி மாதிரி திரண்டு நின்று, சொட்டியது.

முதலாளி உதட்டைப் பிதுக்கினார். பிறகு, “ஆமாய்யா, தண்ணிதான்” என்றார். பிறகு, “இத வெள்ளக் கப்புல எவன் கண்டுபிடிப்பான்?” என்றார், ஏதோ வேறு யாரோ செய்த கப்பைப் பற்றிப் பேசுவது போல. அப்புறம் குரல் இறங்கியது.

“திங்கக்கெழம நீ வராம யாரும்மா வருவா? வரும்போது புதுக் குழாயி இருக்கும். ஒடையாத குழாயா பாத்து வாங்கியாறேன். இன்னொரு சேவலக் காட்டு. இந்தத் தரம் எங்க பிரியுதுன்னு நான் சொல்றேன்.”

நான் இன்னொரு சேவலை எடுத்தேன். முதலாளி ஆர்வம் தாங்காமல் கொளஞ்சியின் தோளுக்கு மேலே குனிந்துகொண்டார். கொளஞ்சி குழாயோடு அப்படியே நிறுத்தினார்.

“இப்பிடி மறைச்சிக்கிட்டு நின்னா எனக்கு எப்பிடித் தெரியும் முதலாளி? ஒண்ணு தள்ளி நில்லுங்க, இல்ல கீழ ஒக்காருங்க.”

ஷெட் முழுக்கப் பெண்கள் கையில் இருந்த வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். முதலாளி தரையைப் பார்த்தார். அன்றைய எச்சம் இன்னும் வாரப்படவில்லை. தன் சலவை வேட்டியைப் பார்த்தார். பிறகு அதை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, கொளஞ்சியின் கைக்கு நேர் கீழே, கூண்டை ஒட்டிக் குத்தவைத்து உட்கார்ந்தார்.